ஓட்டைக் கல்லில் ஏரி எப்படி நிற்கிறது?

பிரான்சின் நடுப்பகுதியில் ஓவெர்ன் என்றொரு மலைநாடு இருக்கிறது. அங்கே லா கோதிவெல் என்று ஒரு குட்டிக் கிராமம். ஊருக்கு மேலே ஓர் ஏரி, ஊருக்குக் கீழே ஓர் ஏரி. பெயர் வைக்க யாரும் ரொம்ப மெனக்கெடவில்லை. மேல் ஏரி, கீழ் ஏரி, அவ்வளவுதான்.

மேல் ஏரி கவராயம் வைத்து வரைந்ததுபோல வட்டமாக இருக்கும். ஆழம் 44 மீட்டர். கீழ் ஏரிக்கு வடிவம் என்று ஒன்றும் இல்லை. ஆழமும் கிடையாது. ஓரமெல்லாம் கோரையும் பாசியும் மண்டி, தண்ணீர் எங்கே முடிகிறது, தரை எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிப்பதே கஷ்டம். இரண்டிலும் பெய்வது ஒரே மழை, விழுவது ஒரே பனி. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நடந்தே போய்விடலாம். பிறகு ஏன் இந்த வித்தியாசம்?

இரண்டும் பிறந்த விதம் வேறு. மேல் ஏரி ஒரு வெடிப்பு விட்டுப்போன குழி. கீழ் ஏரி, பனியுகத்தில் பனியாறு சுரண்டிவிட்டுப் போன பள்ளம். எரிமலை நாட்டில் ஏரி பார்க்கப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: தண்ணீரைப் பார்ப்பதற்கு முன்னால் கரையைப் பாருங்கள். கரை வட்டமா, நீளமா, செங்குத்தா, சரிவா என்று கவனித்தால் அந்த ஏரியின் பிறப்பு பாதி புரிந்துவிடும். அது எப்படிச் சாகும் என்பதும் ஓரளவு புரியும்.

ஒரு விஷயம் கேட்க விசித்திரமாக இருக்கும். எரிமலை நிலத்தில் தண்ணீர் நிற்பதே அபூர்வம். ஓவெர்னில் க்ளெர்மோன்-ஃபெரான் நகருக்கு மேற்கே சுமார் 80 எரிமலைகள் வரிசைகட்டி நிற்கின்றன. 2018இல் யுனெஸ்கோ இந்த வரிசையை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. மழைக்கும் பனிக்கும் அங்கே குறைவில்லை. ஆனாலும் அந்தக் குன்றுகளுக்கு நடுவே நாள் முழுக்க நடந்தாலும் ஓர் ஓடை கண்ணில் படுவது அரிது.

காரணம் காலடியிலேயே கிடக்கிறது. அந்தப் பாதைகளில் கிடக்கும் செங்கருமைக் கல் ஒன்றை எடுத்துக் கையில் வைத்துப் பாருங்கள். கல் அளவுக்குக் கனம் இருக்காது. எரிமலை வாயிலிருந்து தெறித்த குழம்பில் வாயு நுரைத்து, அந்த நுரையோடு அப்படியே உறைந்த கல் அது, உடம்பெல்லாம் ஓட்டை. குடிக்கிற பாட்டிலில் இருந்து கொஞ்சம் தண்ணீரைக் கீழே ஊற்றினால் தேங்காது, ஓடாது, மறைந்துவிடும். ஒரு மலையே இந்தக் கல்லால் ஆனது என்றால் மழைக்கு என்ன ஆகும் என்று யோசியுங்கள். குழம்பு ஓடி உறைந்த பாறையும் இதைவிடப் பெரிதாக ஒன்றும் தடுத்துவிடாது. அது ஆறும்போது சுருங்கி, மேலிருந்து கீழ்வரை விரிசல் விட்டிருக்கும்.

அப்புறம் அந்தத் தண்ணீர் எங்கே போகிறது? அந்தக் குழம்பு வருவதற்கு முன்பே அங்கே பள்ளத்தாக்குகள் இருந்தன. குழம்பு அவற்றில் வழிந்து நிரப்பிவிட்டது. ஆனால் அடியில் பழைய பள்ளத்தாக்கின் கெட்டிப் பாறைத் தரை அப்படியே இருக்கிறது. ஊறி இறங்கும் நீர் அந்தத் தரையில் முட்டி, புதைந்துபோன அந்தப் பள்ளத்தாக்கின் சரிவிலேயே இருட்டுக்குள் நகர்ந்து, குழம்புப் பாறை முடியும் இடத்தில் ஊற்றாக வெளியே வருகிறது. பழைய ஊர்கள் பல அந்த ஊற்றடியில்தான் அமைந்தன. வோல்விக் என்ற பெயரில் பாட்டிலில் அடைத்து விற்கும் தண்ணீரும் இப்படிக் குழம்பால் நிரம்பிய ஒரு பள்ளத்தாக்கின் அடியிலிருந்து வருவதுதான்.

ஆக, இப்படிப்பட்ட சல்லடை நிலத்தில் ஓர் ஏரி நிற்கிறது என்றால் அதற்குத் தனியாக ஒரு காரணம் இருந்தாக வேண்டும்.

அதில் முதல் காரணம் வெடிப்பு. கோதிவெல் மேல் ஏரி, வடக்கே தாஸெனா ஏரி, பெஸ் என்ற ஊருக்கு அருகே பவேன் ஏரி எல்லாம் இந்த ரகம். பூமிக்கு அடியிலிருந்து ஆயிரம் டிகிரி செல்சியஸுக்கும் மேற்பட்ட சூட்டில் கற்குழம்பு மேலே ஏறுகிறது. தரையை எட்டுவதற்குக் கொஞ்சம் முன்பாக, ஈரம் நிறைந்த பாறையில் நுழைகிறது. நிலத்தடி நீர் ஒரே நொடியில் ஆவியாகிறது. திறந்த வெளியில் ஒரு லிட்டர் தண்ணீர் முழுக்க ஆவியானால் ஆயிரம் லிட்டருக்கும் மேல் இடம் கேட்கும். பாறைக்குள் அந்த இடம் ஏது? பாறை தூள்தூளாகச் சிதறுகிறது. மேலே இருந்த சுமை குறைகிறது, அடுத்த வெடிப்பு, அதற்கடுத்தது. கடைசியில் மிஞ்சுவது மலை அல்ல, குழி. சுற்றியிருக்கும் நிலமட்டத்துக்குக் கீழே இறங்கிய குழி. அதன் விளிம்பைச் சுற்றிச் சிதறிய பாறைத் துண்டுகளால் ஆன தாழ்வான ஒரு வளையம்.

இந்த வகைக் குழிக்கு மார் என்று பெயர். ஜெர்மனியின் ஐஃபெல் பகுதி மக்கள் தங்கள் வட்ட ஏரிகளைக் கூப்பிட்ட பெயரை அறிவியல் உலகம் அப்படியே எடுத்துக்கொண்டது. நம் மார்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மார்பளவுத் தண்ணீர்தானே என்று நினைத்து இறங்குகிற இடமும் இல்லை: பவேன் ஏரியின் ஆழம் 92 மீட்டர்.

இந்தக் குழி உருவாக எத்தனை காலம் ஆகும்? 1977இல் அலாஸ்காவில் உகின்ரெக் என்ற இடத்தில் அது கண்ணெதிரே நடந்தது. மார்ச் 30இல் தொடங்கி ஏப்ரல் 9க்குள், சுமார் 10 நாளில், வெறும் தரையில் இரண்டு குழிகள். பெரியது 300 மீட்டர் அகலம், 70 மீட்டர் ஆழம். இன்று அதில் ஏரி இருக்கிறது. எந்த நிலத்தடி நீர் வெடிப்புக்குக் காரணமோ அதே நீர் பிறகு ஊறிவந்து குழியை நிரப்புகிறது. ஓட்டை நிலத்தில் ஏரி நிற்கும் ரகசியம் இதுதான். குழியின் அடி நிலத்தடி நீர்மட்டத்துக்கும் கீழே போய்விட்டது. கிணறு தோண்டினால் தண்ணீர் வருவதில் என்ன ஆச்சரியம்?

பவேன் ஏரியில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கடல் மட்டத்திலிருந்து 1,197 மீட்டர் உயரம், குறுக்களவு முக்கால் கிலோமீட்டர். வெடித்துச் சுமார் 7,000 ஆண்டுகள்தான் ஆகின்றன. ஓவெர்ன் எரிமலைகளில் இதுவே கடைக்குட்டி. சுற்றி ஒரு நடைபாதை உண்டு, ஒரு மணி நேரத்தில் சுற்றி வந்துவிடலாம். குளிக்க அனுமதி இல்லை. ஊர்க்காரர்களுக்கு இந்த ஏரி மேல் எப்போதும் ஒரு பயம் இருந்தது. கல்லை எறிந்தால் புயல் கிளம்பும் என்றும், பழைய பெஸ் ஊர் இதற்குள் மூழ்கிக் கிடக்கிறது என்றும் கதைகள். கதை கிடக்கட்டும், அடியில் இருப்பது கதையைவிட விநோதமானது.

பொதுவாகக் குளிர்நாட்டு ஏரிகள் ஆண்டுக்கு இரண்டு தடவை தலைகீழாகப் புரளும். தண்ணீர் மிக அடர்த்தியாக இருப்பது 4 டிகிரியில். இலையுதிர் காலத்தில் மேல்நீர் குளிர்ந்து அந்த அளவை நெருங்கும்போது கனத்துக் கீழே இறங்கும், அடிநீர் மேலே வரும். வசந்தத்தில் பனி உருகியதும் மறுபடி ஒரு புரட்டல். இந்தப் புரட்டலில்தான் அடிமட்டத்துக்கு ஆக்சிஜன் போய்ச் சேருகிறது. பவேனில் மேலே உள்ள 60 மீட்டர் இப்படிப் புரள்கிறது. அதற்குக் கீழே உள்ள 30 சொச்சம் மீட்டர் நீர் அசைவதே இல்லை.

அந்த அடிநீர் மேலே உள்ள நீரைவிடக் கொஞ்சம் வெதுவெதுப்பு. வெப்பத்தை மட்டும் கணக்கில் எடுத்தால் அது மேலே வந்திருக்க வேண்டும். வரவில்லை, ஏனென்றால் அதில் அவ்வளவு சரக்கு கரைந்திருக்கிறது. ஒரு கண்ணாடி டம்ளரில் கெட்டியான உப்புக் கரைசலை ஊற்றி, அதன் மேல் கரண்டியின் முதுகு வழியாக நல்ல தண்ணீரை மெதுவாக விட்டுப் பாருங்கள். இரண்டும் தனித்தனியாக நிற்கும். பவேனின் அடியிலும் அதேதான். ஆழமான குழி, அகலம் குறைவு, உயரமான கரைகள் காற்றை மறைக்கின்றன. கலக்கிவிட ஆளில்லை.

ஆக்சிஜன் இல்லாததால் அங்கே இரும்பு துருவாக மாறாமல் அப்படியே கரைந்து கிடக்கிறது. 80 மீட்டர் ஆழத்திலிருந்து ஒரு குடுவை நீரை மேலே கொண்டுவந்தால் பார்வைக்குச் சாதாரணத் தண்ணீர். காற்றுப்படத் திறந்து வைத்தால் கொஞ்ச நேரத்தில் கலங்கி, செம்மஞ்சளாகி, அடியில் துரு படிய ஆரம்பிக்கும். பூமியின் வளிமண்டலத்தில் ஆக்சிஜன் சேருவதற்கு முன்பு பெருங்கடல்கள் ஏறக்குறைய இப்படித்தான் இருந்தன என்பது விஞ்ஞானிகளின் கருத்து. பல நூறு கோடி ஆண்டுகளுக்கு முந்தைய கடலைப் படிக்க அவர்கள் ஒரு மலை ஏரியில் படகு விடுகிறார்கள்!

அடியில் இரும்போடு கரியமில வாயுவும் மீத்தேனும் கரைந்திருக்கின்றன. இதைப் படித்ததும் கேமரூன் நாட்டு நியோஸ் ஏரி நினைவுக்கு வந்தால் அது நியாயமான பயம்தான். நியோஸும் ஒரு மார். 1986 ஆகஸ்ட் 21 இரவில் அதன் அடியில் தேங்கியிருந்த கரியமில வாயு, குலுக்கிய சோடா பாட்டிலைத் திறந்ததுபோலப் பொங்கியது. அந்த வாயு காற்றைவிடக் கனமானது. பள்ளத்தாக்குகளில் தரையோடு தரையாக வழிந்து, தூங்கிக்கொண்டிருந்த சுமார் 1,700 பேரை மூச்சடைக்க வைத்துக் கொன்றது. 2001 முதல் அங்கே ஏரிக்குள் குழாய் இறக்கி வாயுவைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடுகிறார்கள். ஒருமுறை உறிஞ்சி ஆரம்பித்துவைத்தால் போதும், ஏறிவரும் குமிழிகளே நீரை இழுத்து மேலே பீய்ச்சும், மோட்டார் வேண்டாம். பவேனில் கரைந்துள்ள வாயு இதற்குப் பக்கத்தில்கூட வராது. அடிமட்டத்தில் வாயுவின் அழுத்தம் மேலே அமுக்கும் நீரின் அழுத்தத்தைவிட மிகக் குறைவு. அது தானாகப் பொங்க வழியில்லை.

இன்னொரு சின்னத் தகவல். 19ஆம் நூற்றாண்டில் மனிதர்கள் கொண்டுவந்து விடும்வரை பவேனில் மீனே இல்லை. ஏரிக்குள் வரும் ஆறு கிடையாது, வெளியே போகும் நீரும் செங்குத்தாக இறங்குகிறது. மீன் எப்படி ஏறும்?

ஏரி பிறக்கும் இரண்டாவது வழி அணை. ஏதா ஏரியின் கதை அது. சுமார் 8,500 ஆண்டுகளுக்கு முன்பு அக்கம்பக்கத்தில் இருந்த இரண்டு எரிமலைகளிலிருந்து வழிந்த குழம்பு, வேர் என்ற சின்ன ஆற்றின் குறுக்கே போய் உறைந்தது. ஆறு தேங்கியது. குழம்பு ஓட்டை என்று சொன்னேனே, அணை ஒழுகாதா? முதலில் ஒழுகியிருக்கும். ஆறு கொண்டுவரும் களிமண்ணும் வண்டலும் விரிசல்களில் புகுந்து மெல்ல மெல்ல அடைக்கும். ஏரி தன் அணையைத் தானே பூசிக்கொள்கிறது.

ஷாம்போன் ஏரியும் அணை ஏரிதான். தார்தாரே எரிமலை பள்ளத்தாக்கின் நடுவே முளைத்து ஆற்றை மறித்தது என்பது வழக்கமான விளக்கம். பக்கத்துச் செங்குத்துப் பாறையிலிருந்து பிற்பாடு இறங்கிய பெரிய மண்சரிவுக்கும் அதில் பங்கு உண்டு. கெரி ஏரி 1,200 மீட்டருக்கு மேலே இருப்பதால் குளிர்காலத்தில் உறைந்துவிடும். பனிக்கட்டியில் துளை போட்டு மீன்பிடிப்பதற்குப் பேர்போன இடம்.

அணை ஏரியை வெடிப்பு ஏரியிலிருந்து பிரித்துக் காட்டுவது ஆறு. மார் என்பது கிணறு. அதற்குள் வந்து விழும் நீர் அதன் விளிம்புக்குள் பெய்த மழையும் ஊற்றும்தான். அதனால் பவேன் தெளிவாக, கருநீலமாக இருக்கிறது. அணை ஏரிக்குள் ஒரு பள்ளத்தாக்கே வந்து கொட்டுகிறது. மேய்ச்சல் நிலத்துச் சாணம், வயலில் போட்ட உரம், ஊர்க் கழிவு, எல்லாம் ஆற்றோடு வருகின்றன. ஏதா ஏரியின் ஆழம் 15 மீட்டர்தான். சில கோடைகளில் நீர் பச்சைச் சாயம் கலந்ததுபோல ஆகிவிடும். நீலப்பச்சைப் பாக்டீரியாக்களின் வேலை அது. அவற்றில் சில வகைகள் நஞ்சு சுரக்கும் என்பதால் அந்த நேரங்களில் குளிக்கத் தடை போடுவார்கள். ஒரே மாவட்டம், ஒரே எரிமலைக் கல், ஆனால் ஒன்று நீலம், ஒன்று பச்சை. கரையின் வடிவத்தைப் பாருங்கள் என்று சொன்னது இதற்காகத்தான்.

ஆறு கொண்டுவருவது உரம் மட்டுமல்ல, மண்ணும்கூட. ஷாம்போனில் இப்போது ஆழமான இடமே 6 மீட்டர்வாக்கில்தான். ஆறு நுழையும் முனையில் வண்டல் திட்டு ஏரிக்குள் நீண்டுகொண்டே வருகிறது. அணை ஏரிகள் மண்ணால் சாகும்.

மார்களின் சாவு வேறு மாதிரி. மண் வர வழியில்லை, ஆகவே அவை தங்களுக்குள் வளரும் உயிர்களாலேயே நிரம்புகின்றன. எரிமலைக் கல்லிலிருந்து கரையும் சிலிக்காவை எடுத்து, டயாட்டம் என்ற ஒற்றைச் செல் பாசி தனக்கொரு கண்ணாடிக் கூடு கட்டிக்கொள்ளும். செத்தால் கூடு அடியில் படியும். முரா ஊருக்கு அருகே விரார்க் என்ற இடத்தில், வற்றிப்போன ஒரு பழைய எரிமலை ஏரியில் இந்தக் கூடுகள் வெள்ளை மண்ணாகக் குவிந்து கிடக்கின்றன. கையில் எடுத்தால் மாவு மாதிரி. வடிகட்டிகள் செய்ய அதை வெட்டி எடுக்கிறார்கள்.

ஆழம் குறைந்ததும் ஸ்பேக்னம் பாசி கரையிலிருந்து உள்ளே பரவும். தன் எடையைப்போலப் பல மடங்கு நீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும் பாசி இது. தன்னைச் சுற்றியுள்ள நீரைப் புளிக்க வைத்துவிடும். அந்தக் குளிர்ந்த அமில நீரில் செத்த செடி மட்காது. கோதிவெல் கீழ் ஏரியின் ஓரம் இப்படித்தான் ஆகிக்கொண்டிருக்கிறது; அங்கே தரை என்று நினைத்து மிதித்தால் மெத்தை போல ஆடும். மிதக்கும் பாசிப் பாய் அது. சத்தே இல்லாத அந்த நீரில் பூச்சி பிடித்துத் தின்னும் பனித்துளிச் செடிகள் வளர்கின்றன.

மட்காத அந்தச் சேற்றில் மகரந்தமும் மட்காது. சற்றுத் தெற்கே வெலே பகுதியில் நிரம்பிப்போன மார்களில் குழாய் இறக்கிச் சேற்றுத் தூண்களை எடுத்தார்கள். 4 லட்சம் ஆண்டுகளுக்கும் மேலான மகரந்தம் அடுக்கடுக்காக இருந்தது. ஓரடுக்கில் ஓக் மரக் காடு, அடுத்ததில் மரமே இல்லாத புல்வெளி, மறுபடி காடு. பனியுகம் வந்ததும் போனதும் சேற்றில் பதிவாகியிருந்தது. ஆறு புகுந்து கலைக்காத கிணறு என்பதால் கிடைத்த பலன்.

முழுக்க நிரம்பிய மாரை ஓவெர்ன்காரர்கள் நார்ஸ் என்கிறார்கள். வரைபடத்தில் அப்படி ஒரு பெயரைப் பார்த்துத் தேடிக்கொண்டு போனால் ஏரி இருக்காது. தட்டு மாதிரி ஒரு வட்டப் புல்வெளி, கொஞ்சம் சொதசொதவென்று. சுற்றிலும் ஓர் ஆள், இரண்டு ஆள் உயரத்தில் ஒரு மேடு, அதில் மரங்கள். எங்கே ஏரி என்று திரும்பித் திரும்பிப் பார்ப்பீர்கள். காலணிக்குள் தண்ணீர் ஏறும்போதுதான் அதன் நடுவில் நிற்பது தெரியும்.