ஆஸ்துமாவுக்கு மெக்னீசியம்: ட்ரிப்பில் சரி, மாத்திரையில்?

"மெக்னீசியம் மாத்திரை போட்டால் இன்ஹேலரை விட்டுவிடலாமா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். விடக்கூடாது. ஆனால் கேள்வியில் விஷயம் இருக்கிறது. கடும் மூச்சுத்திணறல் நெபுலைசருக்கும் ஸ்டீராய்டுக்கும் அடங்காதபோது, அவசர சிகிச்சைப் பிரிவில் மெக்னீசியம் சல்ஃபேட் ஆம்பூலை உடைப்பார்கள். பெரியவர்களுக்கு 2 கிராம், சலைனில் கலந்து சுமார் 20 நிமிடத்தில் ஏற்றுவார்கள். ஏறும்போது உடம்பெல்லாம் சூடேறுவதாகச் சிலர் சொல்வதுண்டு.

மூச்சுக்குழாயைச் சுற்றியுள்ள தசை சுருங்க, செல்லுக்குள் கால்சியம் அயனி கூட வேண்டும். உள்ளே இருப்பதைப்போல் சுமார் 10,000 மடங்கு கால்சியம் வெளியே காத்திருக்கிறது. சவ்வில் வாசல் திறந்தால் பாய்ந்துவிடும். மெக்னீசியத்துக்கும் அதே இரட்டை நேர்மின்னூட்டம்தான். அளவில் இன்னும் சிறியது. அப்படியானால் அதுதானே சுலபமாக நுழைய வேண்டும்? நுழையாது, இதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த இடம். சிறிய உடம்பில் அதே மின்னூட்டம் என்பதால் இழுவிசை அதிகம். 6 நீர் மூலக்கூறுகளை இறுகப் பிடித்துக்கொண்டே திரியும். கால்சியம் தன் நீரை நொடியில் உதறிவிடும். மெக்னீசியத்துக்கு அதைப்போல் ஆயிரம் மடங்கு நேரம் பிடிக்கும். பஸ் படியில் மூட்டையை இறக்காமல் நிற்கிற ஆள் மாதிரி, தானும் ஏறாது, பின்னால் வருகிற கால்சியத்தையும் ஏறவிடாது. தசை தளர்கிறது. அப்புறம், தசையைச் சுருங்கச் சொல்லும் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் நரம்பு முனையில் சுரப்பதையும் இது குறைக்கிறது.

சரி, மாத்திரை? நம் உடம்பிலுள்ள சுமார் 25 கிராம் மெக்னீசியத்தில் பாதிக்கு மேல் எலும்பில் இருக்கிறது; ரத்தத்தில் 1 சதவீதம்கூட இல்லை. அதனால் ரத்தப் பரிசோதனையில் 'நார்மல்' என்று வந்தாலும் செல்லுக்குள் இருப்பு எவ்வளவு என்று தெரியாது. ட்ரிப் சட்டென ஏற்றும் அளவை மாத்திரை எட்டாது. குடல் கொஞ்சம்தான் உறிஞ்சும், மிஞ்சியது வயிற்றுப்போக்காகப் போகும். உணவில் மெக்னீசியம் கூடுதலாக எடுப்பவர்களின் நுரையீரல் சற்று நன்றாக இயங்குவதை 1994-ல் நாட்டிங்ஹாம் ஆய்வு கண்டது உண்மை. ஆனால் மாத்திரை கொடுத்துப் பார்த்த சோதனைகளின் முடிவுகள் ஒத்துப்போகவில்லை.

மலிவான, காப்புரிமை இல்லாத உப்பு இது. எந்தக் கம்பெனி பெரிய சோதனைக்குப் பணம் போடும்? பிரிட்டனில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆஸ்துமாக்காரர்களிடம் நடந்த '3எம்ஜி' என்ற பெயருள்ள மெக்னீசியம் சோதனைக்கு அரசுதான் செலவழித்தது. மெக்னீசியத்தை நெபுலைசரில் கொடுத்துப் பயனில்லை, ட்ரிப்பிலும் பலன் மிதமாகவே இருக்கும் என்று 2013-ல் தெரிந்தது அதனால்தான். இங்கேயோ ஹைதராபாத்தில் ஜூன்தோறும் ஆஸ்துமாவுக்கு உயிருள்ள விரால் குஞ்சு விழுங்க அரசே ஏற்பாடு செய்கிறது!

கம்பு, கேழ்வரகு, கீரை, நிலக்கடலை தாராளமாகச் சாப்பிடுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் தொடவேண்டாம். வெளியேற வழியில்லாத மெக்னீசியம் ரத்தத்தில் சேர்ந்துவிடும்.