மருந்து குணமாக்கியதா, நாள் குணமாக்கியதா?

2020 மார்ச்சில், பிரான்சின் மார்செய் நகரில் திதியே ரவூல் தலைமையிலான மருத்துவர் குழு, மலேரியாவுக்கும் முடக்குவாதத்துக்கும் நெடுங்காலமாகக் கொடுக்கப்பட்டுவரும் ஹைட்ராக்சிகுளோரோகுயின் கொரோனா வைரஸை விரைவில் அகற்றுவதாக அறிவித்தது. ஆறாம் நாளில், மருந்து பெற்றவர்களில் 70 விழுக்காட்டினரிடமும் பெறாதவர்களில் 12.5 விழுக்காட்டினரிடமும் வைரஸ் தென்படவில்லை என்றது அந்த ஆய்வு.

இந்தக் கணக்கு போடப்பட்ட விதத்தைக் கூர்ந்து பார்க்க வேண்டும். மருந்து பெற்றவர்கள் 26 பேர். முடிவில் எண்ணப்பட்டவர்களோ 20 பேர். விடுபட்ட ஆறு பேரில் மூவர் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றப்பட்டிருந்தனர், ஒருவர் இறந்துவிட்டார், ஒருவர் குமட்டலால் மருந்தை நிறுத்தினார், ஒருவர் மருத்துவமனையை விட்டுச் சென்றுவிட்டார். நிலை மோசமானவர்களைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டால் எந்த மருந்தும் நல்ல மருந்தாகத்தான் தெரியும். மேலும், ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொள்ளப்பட்டவர்கள் வேறு மருத்துவமனையில் இருந்தவர்களும் இச்சிகிச்சையை மறுத்தவர்களும் ஆவர்.

ஆய்வுக்கூடமும் நம்பிக்கையூட்டவே செய்தது. குரங்கின் சிறுநீரக உயிரணுக்களுக்குள் வைரஸ் நுழையும் பாதைக்கு அமிலத்தன்மை தேவை. இம்மருந்து அதைக் குறைத்துவிடுவதால், அந்த உயிரணுக்களில் வைரஸ் தடுக்கப்பட்டது. ஆனால் மனித நுரையீரல் உயிரணுக்களின் மேற்பரப்பிலுள்ள ஒரு நொதி, வைரஸுக்கு வேறொரு வாசலைத் திறந்துவிடுகிறது. அந்த வாசலை இம்மருந்தால் அடைக்க முடியாது.

சாவு கண்முன் நிற்கையில் கையிலுள்ள மருந்தைக் கொடுக்காமல் இருப்பது எப்படி என்று ஒரு சாரார் கேட்டனர். இதயத் துடிப்பின் சீரைக் குலைக்கக்கூடிய மருந்தை ஆதாரமின்றிக் கொடுப்பது எப்படி என்று மற்றொரு சாரார் கேட்டனர். இரு கேள்விகளும் நோயாளியின் மீதுள்ள அக்கறையில் பிறந்தவையே. ஆனால் கொரோனா கண்டவர்களில் பெரும்பாலோர் மருந்தின்றியே தேறிவிடுவதால், ஒரு மருத்துவர் தம் வார்டில் கண்டதை மட்டும் வைத்து இந்த வழக்கைத் தீர்க்க முடியாது.

தீர்த்தது சீட்டுக்குலுக்கல். மருத்துவமனையில் சேர்ந்த கொரோனா நோயாளிகளிடம் பிரிட்டனில் நடந்த ரெகவரி ஆய்வில் யாருக்கு மருந்து என்பதை மருத்துவரோ நோயாளியோ முடிவு செய்யவில்லை. கணினி குலுக்கல் முறையில் முடிவு செய்தது. அதனால் வயது, நோயின் கடுமை, பிற நோய்கள் என எல்லாமே இரு பிரிவுகளிலும் ஏறக்குறைய ஒன்றுபோல் பரவிவிடுகின்றன. எஞ்சும் பெரிய வேறுபாடு மருந்து ஒன்றுதான். ஹைட்ராக்சிகுளோரோகுயின் பெற்ற 1,561 பேரில் 28 நாட்களுக்குள் இறந்தவர்கள் 27 விழுக்காடு. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்ற 3,155 பேரில் 25 விழுக்காடு. உயிர் காக்கும் பலன் இல்லை என்று 2020 ஜூன் 5 அன்று அறிவிக்கப்பட்டது. மார்ச்சில் அவசர அனுமதி அளித்திருந்த அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம், ஜூன் 15 அன்று அதைத் திரும்பப் பெற்றது.

மறுநாளே ரெகவரி ஆய்விலிருந்து இன்னொரு முடிவு வந்தது. விலை மலிந்த டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து, வென்டிலேட்டரில் இருந்தோரின் இறப்பை 41 விழுக்காட்டிலிருந்து 29 ஆகக் குறைத்திருந்தது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கோ அதனால் எந்தப் பலனும் இல்லை. யாருக்குக் கொடுக்கலாம், யாருக்குக் கொடுக்க வேண்டாம் என்பதும் அந்தக் குலுக்கலிலேயே தெரிந்துவிட்டது.