நகராத விசையும் வட்டத்துக்குள் ஒரு 'க'வும்

தண்டையார்பேட்டையிலிருந்து முதுகலைக் கணித மாணவி ஒருவர் கேட்கிறார்: "ஆய்வேட்டை லேடெக் (LaTeX) என்ற அச்சுக்கோப்பு நிரலில் அடிக்கிறேன். நானே வரையறுத்த ஈருறுப்புச் செயலிக்கு (கூட்டல் மாதிரி இரண்டைச் சேர்க்கிற கணிதச் செயல்), வட்டத்துக்குள் 'க' போட்ட குறி வேண்டும். கூட்டல் போட்ட வட்டம் இருக்கிறது, பெருக்கல் போட்டதும் இருக்கிறது, 'க' மட்டும் இல்லை. டிடிபி கடையில் படமாக ஒட்டித் தருகிறேன் என்கிறார்கள். ஒட்டலாமா?"

ஒட்டாதீர்கள். எழுத்தின் அளவை மாற்றும்போது படம் கூடவே வளராது, வரியிலும் சரியாக உட்காராது. இருக்கும் வட்டத்தையும் இருக்கும் 'க'வையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்தாலே போதும்.

பதினாறு வயதில் வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு பக்கம் ஒரு தட்டச்சு நிலையத்தில் தமிழ் லோயர் படித்தேன். அந்த இயந்திரத்தில் எழுத்தைத் தட்டினால் காகிதம் சுமக்கிற வண்டி நகரும், புள்ளியைத் தட்டினால் நகராது. அதனால் 'க்' அடிக்க முதலில் புள்ளி, அப்புறம் 'க'. முறை மாறினால் 'கண்மணி' 'கணம்ணி' ஆகிவிடும். மாஸ்டரின் ஸ்கேல் விரல் முட்டியில் விழும். மை பதிகிற இடமும் வண்டி நகர்கிற தூரமும் வேறு வேறு சங்கதி என்பதை அங்கேதான் கற்றேன்.

லேடெக்கின் அடியில் ஓடுகிற டெக்கும் (TeX) இதே பிரிவினையில்தான் நிற்கிறது. 1977இல் தன் புத்தகத்தின் அச்சுப்படி கண்ணராவியாக வந்ததைப் பார்த்த கணினி அறிவியலாளர் டொனால்ட் கனூத், அடுத்த ஆண்டே தானே எழுதிய அச்சுக்கோப்பு நிரல் இது. எழுத்தின் வடிவம் அதற்குத் தெரியாது. அகலம், உயரம், ஆழம் என்ற மூன்று எண்கள் கொண்ட பெட்டியாகத்தான் ஒவ்வொரு எழுத்தையும் பார்க்கும்.

இனி எனக்குப் பிடித்த இடம். ஓஓஅலைன் (\ooalign) என்று ஒரு கட்டளை. அது உண்மையில் ஓர் அட்டவணை: முதல் வரிசையில் 'க', இரண்டாவதில் வட்டம். இரண்டு வரிகளின் எழுத்துகள் உட்காருகிற கோடுகளுக்கு இடையே எவ்வளவு தூரம்? பூஜ்ஜியம். அதாவது இரண்டாவது வரி முதல் வரியின் தலையிலேயே ஏறி உட்கார வேண்டும். சாதாரணமாக டெக் இதை அனுமதிக்காது. இரண்டு வரிகள் ஒரு வரம்பைத் தாண்டி நெருங்கினால் நடுவே இடைவெளி போட்டு விலக்கிவிடும், மளிகைக் கடையில் சண்டை விலக்குகிற பெரியவர் மாதிரி. கனூத் அந்தப் பெரியவரை வேலையை விட்டு நீக்கவில்லை. வரம்பை மட்டும் மாற்றினார், டெக் அறிந்த மிகப் பெரிய நீளத்தின் எதிர்மறைக்கு: கிட்டத்தட்ட −16,384 பாயிண்ட் (ஓர் அங்குலத்துக்கு ஏறக்குறைய 72 பாயிண்ட்). ஏறக்குறைய 19 அடி ஒன்றின்மேல் ஒன்று ஏறினால்தான் பெரியவர் வாய் திறப்பார்! 'க'வின் இரண்டு பக்கமும் விரிகிற வெற்றிடம் வைத்தால் அது தானாக வட்டத்தின் நடுவுக்கு வந்துவிடும்.

கனூத்தே பதிப்புரிமைக் குறியை இப்படித்தான் செய்தார்: பெரிய வட்டத்துக்குள் ஆங்கில 'சி'. அந்தச் 'சி'யை 0.07 எக்ஸ் (ஓர் எக்ஸ் என்பது சின்ன 'x' எழுத்தின் உயரம்) உயர்த்தியிருக்கிறார். பத்துப் பாயிண்ட் எழுத்தில் அது மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. கண்ணுக்கு நடுவாகத் தெரிய அந்த இழை தேவைப்பட்டிருக்கிறது. உங்கள் 'க'வுக்கு எவ்வளவு என்பதை எழுத்துருவை வைத்து நீங்களே தள்ளித் தள்ளிப் பார்க்க வேண்டியதுதான்.

(தமிழின் பழைய பின்னக் குறிகளுக்கு யூனிகோடில் இடம் கிடைத்ததே 2019இல்தான். மாநாட்டுப் பந்தலுக்கு அள்ளி இறைக்கிற நாம், கணிதம் அச்சிட லாயக்கான ஒரு தமிழ் எழுத்துருவுக்குக் காசு என்றால் கையைச் சுருக்குகிறோம். ஆயுத பூசைக்குக் கணினிக்குக் குங்குமம் வைப்பதில் மட்டும் குறைவில்லை.)

தமிழ் எழுத்துருவைப் படிக்க, லேடெக்கின் புது வகைகளான ஸீலேடெக் (XeLaTeX) அல்லது லூவாலேடெக்கில் (LuaLaTeX) ஓட்டுங்கள். குறியை மேத்பின் (\mathbin) கட்டளைக்குள் வைத்தால் டெக் அதைக் கூட்டல் குறியின் சாதியில் சேர்த்து, இருபுறமும் ஓர் எம் (எழுத்தின் அளவைப் பொறுத்த அச்சு அகலம்) அகலத்தில் 18இல் 4 பங்கு இடம் விடும். இல்லாவிட்டால் பக்கத்து எழுத்துகளோடு ஒட்டிக்கொள்ளும்.

கடைசியாக, எண்ணின் தலைமேல் எழுதுகிற அடுக்கில் போட்டாலும் குறி சிறுக்காமல் முழு அளவிலேயே நின்றால் பதற வேண்டாம். கணித எழுத்துக்கு டெக்கில் நான்கு நிலைகள்: தனி வரி, வரிக்குள், அடுக்கு, அடுக்குக்குள் அடுக்கு. மேத்சாய்ஸ் (\mathchoice) கட்டளை நான்குக்குமான வடிவத்தையும் தனித்தனியே கேட்கும், அந்தந்த அளவில் கொடுத்துவிடுங்கள். சின்ன அளவில் 'க'வின் சுழி மையில் அடைந்துபோகும், அங்கே மட்டும் வட்டத்தைக் கொஞ்சம் பெரிதாக்குங்கள்.