காட்டுக்குள் போகும் கடல் சத்து

மலைக்காட்டின் நைட்ரஜனும் பாஸ்பரஸும் மழைநீரில் கரைந்து, ஆற்றோடு கடலுக்குப் போய்ச் சேரும். அதற்கு நேர் எதிராக, கடலின் சத்தை மலைப்பக்கம் ஏற்றிக் கொண்டுவருபவை வட அமெரிக்காவின் பசிபிக் சால்மன் மீன்கள்.

கடலுக்குப் போகும்போது குஞ்சு விரல் நீளம்தான் இருக்கும். அங்கே தின்று கொழுத்து, பிறந்த ஆற்றுக்கே திரும்பும். அதன் எடையில் 95 சதவீதத்துக்கும் மேல் கடலில் சேர்ந்தது. ஆற்றுக்குள் வந்ததும் இரை எடுப்பதை நிறுத்திவிடும். பெண் மீன் வாலால் சரளைக்கற்களை அடித்துக் குழி பறித்து முட்டையிடும். அப்புறம் ஆணும் பெண்ணும் சில நாட்களில், மிஞ்சினால் சில வாரங்களில் செத்துப்போகும்.

இனிமேல்தான் கரடியின் வேலை. மற்ற கரடிகளின் தொல்லையில்லாமல் தின்ன, மீனைக் கவ்விக்கொண்டு மரங்களுக்குள் போய்விடும். மீன் ஏராளமாக வரும் நாட்களில் மூளை, முட்டை, தோல் எனக் கொழுப்புள்ள பாகங்களை மட்டும் தின்றுவிட்டு அடுத்த மீனுக்குப் போகும். தரைப்பாசிமேல் கிடக்கும் மிச்சத்தில் ஈ மொய்த்து, சில நாட்களில் புழு நெளியும். கரடியின் சிறுநீரும் நிறைய நைட்ரஜனை மண்ணில் சேர்க்கும்.

சரி, மரத்திலுள்ள நைட்ரஜன் கடலிலிருந்து வந்தது என்று எப்படித் தெரியும்? நைட்ரஜனில் எடை குறைந்த 14, எடை கூடிய 15 என இரு வகை உண்டு. கடலில் வளர்ந்த சால்மனின் உடலில் 15-இன் விகிதம் சற்று அதிகம். 2001-இல் ஹெல்ஃபீல்ட், நைமன் என்ற இரு ஆய்வாளர்கள் அலாஸ்காவில், சால்மன் முட்டையிடும் ஆற்றோர மரங்களின் இலைகளில் இதை அளந்தார்கள். நைட்ரஜனில் கால் பங்குக்குச் சற்றுக் குறைவு கடலுடையது. அங்கே சிட்கா ஸ்ப்ரூஸ் மரங்களும் வேகமாக வளர்ந்திருந்தன. மண்ணில் வேறு காரணங்களாலும் 15 கூடலாம் என்பதால், கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் வேறு ஆய்வாளர்கள் ஒரே ஆற்றில் அருவிக்குக் கீழும் மேலும் ஒப்பிட்டார்கள். மீன் ஏற முடியாத மேல்பக்கத்தில் செடிகளிலும் பூச்சிகளிலும் அந்த அளவு குறைவாகவே இருந்தது. எனக்கு மிகவும் பிடித்த சான்று இதுதான். மழை ஒன்று, ஆறு ஒன்று, இல்லாதது மீன் மட்டும்.

அருவி செய்ததை அணையும் செய்யும். வாஷிங்டன் மாநிலத்தின் எல்வா ஆற்றை இரண்டு அணைகள் ஏறக்குறைய நூறு ஆண்டுகள் மறித்திருந்தன. 2011 முதல் 2014 வரை அவற்றை இடித்தெடுத்தார்கள். சால்மன்கள் மேலே ஏறின. கொஞ்ச காலத்திலேயே, ஆற்றுப் பூச்சிகளைத் தின்னும் டிப்பர் என்ற சின்னப் பறவையின் உடலிலும் கடல் நைட்ரஜன் தென்படத் தொடங்கியது.