ஆணி எப்போது காந்தத்தில் ஒட்டும்?

குடியாத்தம் பக்கம் ஒரு கொல்லுப்பட்டறை. உலையில் செக்கச்செவேலென்று பழுத்த ஆணியை இடுக்கியால் எடுத்துக் காந்தத்தருகே பிடித்தார் பெரியவர். ஒட்டவில்லை. “கொஞ்சம் ஆறட்டும் தம்பி” என்றார். சிவப்பு மங்கியதும் பச்சக்கென்று ஒட்டிக்கொண்டது. இரும்புக்கு அந்த எல்லை சுமார் 770 டிகிரி செல்சியஸ்.

இரும்பின் ஒவ்வோர் அணுவும் ஒரு குட்டிக் காந்தம். பக்கத்து அணுக்கள் ஒரே திசையில் நிற்கப் பார்க்கும். சூடு அவற்றைக் கலைக்கும். இந்த இழுபறிக்கு 1920இல் வில்ஹெல்ம் லென்ஸ் ஓர் எளிய மாதிரி சொன்னார்: கட்டத்துக்கு ஓர் அம்பு, மேலே அல்லது கீழே. அண்டை அம்போடு மட்டுமே உறவு. அவருடைய மாணவர் எர்ன்ஸ்ட் ஐசிங், அம்புகளை ஒற்றை வரிசையில் நிறுத்தி 1924இல் துல்லியமாகத் தீர்த்தார். துளி சூடு இருந்தாலும் அங்கே காந்தம் நிலைக்காது. ஓரிடத்தில் இணக்கம் அறுந்தால் போதும், அதற்கப்புறம் உள்ளவை அத்தனையும் திரும்பி நின்றுகொள்ளலாம்.

இரு பரிமாணத்தில் அப்படி மலிவாகத் திரும்ப முடியாது. எதிர்த்திசை அம்புகளின் திட்டு ஒன்று வளர்ந்தால், அதன் எல்லை முழுக்க இணக்கம் அறுபட வேண்டும். வேலூர்க் கோட்டை பெரிதாக இருந்திருந்தால் அகழியையும் அவ்வளவு நீளம் வெட்டியிருக்க வேண்டும் அல்லவா, அதுபோல. 1936இல் ருடால்ஃப் பையர்ல்ஸ் வைத்த வாதம் இதுதான்.

சரி, கணக்கு? பத்துக்குப் பத்து கட்டம் போட்டாலே அம்புகள் நிற்கும் விதங்கள் 31 இலக்க எண். ஒவ்வொன்றாக எண்ணி முடியாது. இங்கேதான் எனக்குக் குடியாத்தம் தறி நினைவுக்கு வருகிறது. கட்டம் போட்ட லுங்கியை நெய்பவர் துணி முழுவதையும் ஒரே மூச்சில் நெய்வதில்லை; ஊடை ஊடையாக ஓட்டுகிறார். நாமும் ஒரு வரிசையை மட்டும் எடுத்தால் 1024 கோலங்கள்தான். இந்தக் கோலத்துக்கு அடுத்து அந்தக் கோலம் வர எவ்வளவு எடை (வாய்ப்பின் அளவு) என்று 1024க்கு 1024 அட்டவணை போடலாம். அதைத் திரும்பத் திரும்பப் பெருக்கினால் துணி நீண்டுகொண்டே போகும். நீள நீள, அட்டவணையின் மிகப் பெரிய ஐகன் மதிப்பு (ஒரு தடவை பெருக்கினால் எத்தனை மடங்காகும் என்று காட்டும் எண்) ஒன்றே மற்றதை எல்லாம் அமுக்கிவிடும். அந்த ஓர் எண் கிடைத்தால் விடை கிடைத்த மாதிரி.

ஆனால் அகலமும் முடிவில்லாமல் போனால் அட்டவணையும் முடிவில்லாதது. 1944இல் லார்ஸ் ஆன்சாகர் அதையே தீர்த்தார், வெளிக் காந்தப்புலம் இல்லாத சதுரக் கட்டத்துக்கு. இணக்க ஆற்றலை போல்ட்ஸ்மன் மாறிலியால் (வெப்பநிலையை ஆற்றலோடு இணைக்கும் எண்) வகுத்த அலகில், காந்தம் மறையும் வெப்பநிலை சுமார் 2.269. தோராயத்தில் வந்ததல்ல, 2ஐ, (1+√2)இன் இயல் மடக்கையால் வகுத்தால் வரும் எண். இவ்வளவு சிக்கலுக்குள் இருந்து இத்தனை சின்னச் சூத்திரம் வந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் புல்லரிக்கும்.

பட்டறை ஆணியோ முப்பரிமாணம். அங்கே இந்த மாதிரியைக் கணினியில் மிக நுணுக்கமாக எண்களாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். ஆன்சாகருடையது போன்ற சூத்திரம் இன்னும் யாருக்கும் அகப்படவில்லை.