மாத்திரையை எங்கே போய் எடுப்பது?

மருந்து கவுண்டர் முன்னால் நின்ற அந்த இளைஞருக்குக் கோபம் இல்லை, குழப்பம்தான். இந்தோனேசியாவின் மேடான் நகரிலிருந்து அம்மாவைச் சிகிச்சைக்காகப் பினாங்குக்கு அழைத்து வந்தவர். வார்டில் கொடுத்த தாள் கையில் இருந்தது. மருந்துப் பை இன்னும் கைக்கு வரவில்லை. “பத்து நாளும் காலையில் நாங்கள் இங்கே வர வேண்டுமா? விமான டிக்கெட்டைத் தள்ளிப்போட்டுவிட்டேன்” என்றார்.

அந்த மருத்துவமனையில் இந்தோனேசிய நோயாளிகளுக்கு மொழிபெயர்ப்பது என் வேலை. தாளை வாங்கிப் பார்த்தேன். ‘அம்பில் சாத்து தாப்லெத் செத்தியாப் பாகி’ என்று அச்சிட்டிருந்தது. காலைதோறும் ஒரு மாத்திரை ‘டேக்’ செய்யவும் என்ற ஆங்கில வரியை யாரோ கணினியில் போட்டு இந்தோனேசிய மொழிக்கு மாற்றியிருக்கிறார்கள். ‘டேக்’ என்றால் ‘அம்பில்’, அதாவது எடு. அகராதிப்படி பிழை சொல்ல முடியாது. ஆனால் இந்தோனேசியாவில் ‘அம்பில் ஓபாட்’ என்றால் மருந்துக்கடைக்குப் போய் மருந்தை வாங்கிக்கொள்வது. அவர் சரியாகத்தான் படித்திருந்தார்.

அங்கே மருந்தைக் குடிப்பார்கள். மாத்திரையானாலும் சரி, பொடியானாலும் சரி, ‘மினும் ஓபாட்’தான். பினாங்கில் மலாய் பேசுகிறவர்கள் மருந்தைச் சாப்பிடுவார்கள்: ‘மாக்கான் உபாட்’. நாம் மாத்திரை போடுகிறோம். இத்தனைக்கும் பொதுவாக ‘டேக்’ என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு ஆங்கிலம் நிம்மதியாக இருக்கிறது. அந்தச் சொல்லும் ஆங்கிலத்துக்கு வந்தேறிதான். வைக்கிங்குகளோடு வந்த நார்ஸ் மொழியின் ‘டாகா’, பழைய ஆங்கிலத்திலிருந்த ‘நிமன்’ என்ற வினையை விரட்டிவிட்டு அதன் இடத்தில் உட்கார்ந்துகொண்டது. உட்கார்ந்த பிறகு கண்ணில் பட்ட வேலையெல்லாம் அதற்கே வந்துவிட்டது.

இந்தோனேசிய மொழியில் அந்த வேலைகளைப் பலர் பங்கிட்டுக்கொள்கிறார்கள். பஸ்ஸில் போவது ‘நாயிக்’, ஏறுவது. குளிப்பது ‘மாண்டி’. நோயாளியை மருத்துவமனைக்குக் கொண்டுபோவது ‘பாவா’. கூடவே போய் விட்டுவருவது என்றால் ‘அந்தார்’. நேரம் பிடிப்பதை ‘மாக்கான் வாக்து’ என்பார்கள், நேரத்தைத் தின்னுமாம். எக்ஸ்ரேக்கு முன் மூச்சை ‘தாரிக்’, இழுக்க வேண்டும். நகையையும் பல்செட்டையும் ‘லெபாஸ்’, கழற்ற வேண்டும். ரத்தத்தை மட்டும் ‘அம்பில்’ செய்யலாம்; விடுப்பையும் முடிவையும்கூட. ரத்த அழுத்தத்தை எடுக்க முடியாது, அளக்கத்தான் வேண்டும்: ‘உக்குர் தென்சி’. அந்தத் ‘தென்சி’ டச்சுக்காரர்கள் விட்டுப்போனது.

மலாய் தெரிந்தால் இந்தோனேசியம் தெரிந்த மாதிரிதான் என்று நினைத்துத்தான் நானும் இந்த வேலைக்கு வந்தேன். முதல் மாதமே அந்த எண்ணம் போய்விட்டது. ஒரு பெரியவர் ‘பூசிங்’ என்றார். மலாயில் அது சுற்றுவது, திரும்புவது. எங்கள் தாதி அவரைத் திருப்பிப் படுக்க வைக்கப் போனார். அவர் சொன்னது தலைசுற்றல். ‘லெபாஸ் மாக்கான்’ என்றால் பினாங்கில் சாப்பிட்ட பிறகு. இந்தோனேசியர் காதில் ‘லெபாஸ்’ முதலில் கழற்றுவதாகத்தான் விழுகிறது. அவர்களுக்கு ‘செசுடா மாக்கான்’ என்று சொன்னால் சந்தேகம் இல்லை. தேவை என்பதற்கு அவர்கள் வைத்திருக்கும் ‘பூத்து’ என்ற சொல்லை மலாய்க்காரர் முன்னால் நான் வாயில் எடுப்பதில்லை. காரணத்தை ஒரு மலாய் நண்பரிடம் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

சரி, ‘டேக்’ வந்த இடத்திலெல்லாம் ‘மினும்’ போட்டுவிட்டால் தீர்ந்ததா என்றால், அதுதான் எல்லாவற்றையும்விட ஆபத்து. ஆங்கிலத்தில் இன்சுலினையும் ‘டேக்’ செய்கிறார்கள். அதை ‘மினும்’ என்று எழுதினால் குடிக்கச் சொன்னதாகிவிடும். இன்சுலினுக்கு ‘சுந்திக்’, ஊசி போடு. இன்ஹேலருக்கு ‘ஹிருப்’, உள்ளிழு. கண் மருந்துக்கு ‘தெத்தெஸ்’, சொட்டு. அமில எதிர்ப்பு மாத்திரை சிலவற்றை ‘குன்யா’, மென்று தின்ன வேண்டும். மருந்து எந்த வழியாக உடம்புக்குள் போகிறது என்பதை ஆங்கில வினை மறைத்துவிடுகிறது; இந்தோனேசிய வினை பெரும்பாலும் அதைச் சொல்லிவிடும். ஆகவே ஆங்கிலச் சீட்டை மட்டும் பார்த்து மொழிபெயர்க்க நான் ஒத்துக்கொள்வதில்லை. மருந்துப் பெட்டியைக் கண்ணால் பார்க்க வேண்டும். மருந்தாளுநருக்கு எரிச்சல் வரும், வரட்டும்.

இந்த விஷயத்தில் இந்தோனேசிய மருந்துக்கடைகளின் பழக்கம் எனக்குப் பிடிக்கும். உள்ளுக்குச் சாப்பிடும் மருந்துக்கு வெள்ளைச் சீட்டு, வெளிப்பூச்சு போன்றவற்றுக்கு நீலச் சீட்டு. மருந்துச் சீட்டில்லாமல் வாங்கக்கூடிய, ஆனால் கட்டுப்பாடுள்ள மருந்துகளின் பெட்டியில் நீல வட்டமும், கறுப்புக் கட்டத்துக்குள் வெள்ளை எழுத்தில் ஓர் எச்சரிக்கையும் இருக்கும். அந்த எச்சரிக்கைகள் மொத்தம் 6. அவற்றில் 3, விழுங்காதே என்று நேராகவே சொல்கின்றன: கொப்பளிக்கும் மருந்துக்கு ஒன்று, மூலநோய் மருந்துக்கு ஒன்று, பொதுவாக ஒன்று. மருந்து எந்த வழியில் போகக் கூடாது என்பதைப் பெட்டியிலேயே அச்சடித்துப் பழகிய ஊர்க்காரரிடம்தான் மொட்டையாக ‘எடு’ என்று நீட்டியிருக்கிறோம்.

நம்மவர்களையும் சும்மா விடுவதற்கில்லை. ‘மருந்து எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று எழுதாத தமிழ் மருத்துவமனைத் தாளை நான் பார்த்ததில்லை. ‘சாப்பிடுங்கள்’, ‘பூசுங்கள்’, ‘சொட்டு விடுங்கள்’ எல்லாம் நம்மிடம் இருக்கின்றனதானே?

இந்தோனேசிய நோயாளிகளிடம் நான் சொல்வது இதுதான்: தாளில் ‘அம்பில்’ என்று பார்த்தால் அதை விட்டுவிட்டு ‘அத்துரான் பாக்காய்’ கேளுங்கள். அவர்கள் ஊர் மருந்துப் பெட்டியில் உபயோகிக்கும் முறைக்கு அச்சடித்திருக்கும் தலைப்பு அதுவே. பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்கிறவர் ‘சுடா மினும் ஓபாட்?’ என்று தினமும் கேட்கட்டும். மருந்து குடித்தாயிற்றா என்ற அந்தக் கேள்விக்கு ‘சுடா’, ஆயிற்று, அல்லது ‘பெலும்’, இன்னும் இல்லை, என்று ஒரே சொல்லில் பதில் வந்துவிடும்.

அந்த இளைஞருக்குத் தாளில் ‘அம்பில்’ என்பதை அடித்துவிட்டு ‘மினும்’ என்று பேனாவால் எழுதிக் கொடுத்தேன். பத்து நாள் மருந்தும் ஒரே பையில் வந்தது. அதைப் பிரித்துப் பார்த்துச் சிரித்தார். பிறகு ஓரமாகப் போய் உட்கார்ந்து, டிக்கெட்டைப் பழைய தேதிக்கே மாற்ற விமான நிறுவனத்துக்குப் போன் செய்யத் தொடங்கினார்.