மோட்டார் சைக்கிளுக்கு எதனோல் ஊற்றலாமா?

இந்தியாவில் 20 வீதம் எதனோல், அதாவது மதுசாரம், கலந்த பெற்றோல் பரவலான பிறகு, எங்கள் கராச்சுக்கு வரும் பொடியன்கள் கேட்கும் கேள்வியும் மாறிவிட்டது. "அண்ணை, ரேஸ் கார் எல்லாம் எதனோலில ஓடுதாம். கொஞ்சம் ஸ்பிரிட் கலந்தால் பைக் இழுக்குமோ?" யாழ்ப்பாணத்துத் திக்கம் பக்கம் கள்ளிலிருந்து மதுசாரம் வடித்த ஊர்தானே, பனையிலிருந்தே எரிபொருள் எடுக்கலாமே என்பவர்களும் உண்டு. நல்ல கேள்விதான். ஆனால் கேட்டுவிட்டு வீட்டில் கலந்து பார்ப்பவர்களை நினைத்தால் பயமாக இருக்கிறது.

ஒரு லீற்றர் பெற்றோலை எரித்தால் ஏறக்குறைய 32 மெகாஜூல் வெப்பம் வரும். எதனோலில் 21தான், மூன்றில் இரண்டு பங்கு. அப்படியென்றால் எதனோல் எஞ்சின் சோர்ந்துபோக வேண்டுமே? போவதில்லை. சிலிண்டருக்குள் ஒவ்வொரு முறையும் நுழையும் காற்றுக்கு ஓர் எல்லை உண்டு. அந்தக் காற்றில் எவ்வளவு எரிபொருளை எரிக்க முடிகிறதோ அவ்வளவுதான் வலு. 1 கிலோ பெற்றோல் முழுதாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எதனோலின் மூலக்கூறிலேயே ஒட்சிசன் இருப்பதால் 9 கிலோ போதும். ஆகவே அதே காற்றுக்குக் கூடுதலாக எதனோல் விடலாம். கணக்குப் பார்த்தால் ஒரு கிலோ காற்றுக்குக் கிடைக்கும் வெப்பம் இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

எதனோல் முந்துவது ஒக்டேனில், அதாவது அமுக்கும்போது தானாக வெடிக்காமல் தாங்கும் திறனில். அதற்கு 108 அளவில். எங்கள் பெற்றோல் செட்டுகளில் கிடைப்பது 92, 95. ஆவியாகும்போது பெற்றோலைவிட இரண்டு மடங்குக்கு மேல் வெப்பத்தை உறிஞ்சி, உள்ளே போகும் காற்றையும் குளிர்விக்கிறது. இதனால் எஞ்சின் நொக் அடிக்காமல் (கலவை தானாக வெடித்துத் தட்டாமல்) கம்பிரஷன் விகிதத்தை, அதாவது கலவையை அமுக்கும் மடங்கை, 12, 13 என்று உயர்த்தலாம், பிளக் பொறி விடும் டைமிங்கையும் முன்னால் தள்ளலாம். கூடுதல் வலுவும் வினைத்திறனும் அங்கிருந்துதான் வருகின்றன. அதற்கென்று செய்யாத எஞ்சினுக்கு உயர்ந்த ஒக்டேனால் பயனில்லை. சாதாரண 100 சிசி பைக்குக்கு 95 அடித்துவிட்டு வேகம் கூடியதாக நம்புபவர்களுக்கும் இதே பதில்தான்.

எங்கள் ஊருக்கு இது புதுப்பாடம் இல்லை. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில், சில துளி பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி, சூடானதும் மண்ணெண்ணெயில் கார் ஓட்டினோம். ஒஸ்டின், மொறிஸ் மைனர் போன்ற பழைய கார்களின் கம்பிரஷன் குறைவு என்பதால், ஒக்டேன் மிகக் குறைந்த மண்ணெண்ணெயை அவை புகை கக்கியபடியாவது தாங்கின. இன்றைய எஞ்சினில் அதைச் செய்தால் நொக் அடித்தே பிஸ்டன் போய்விடும்.

சரி, மைலேஜ்? லீற்றருக்கு 50 கிலோமீற்றர் ஓடும் பைக் 20 வீதக் கலவையில் 46, 47க்கு இறங்கும். எதனோலுக்கென்றே அமைத்த எஞ்சின் இந்த இழப்பில் ஒரு பகுதியை மீட்கும், முழுவதையும் மீட்காது. இரண்டிலும் ஓடும் கார்கள் 2003 முதல் விற்கப்படும் பிரேசிலில், எதனோலின் விலை பெற்றோல் விலையின் 70 வீதத்துக்குக் கீழே இருந்தால்தான் அது இலாபம் என்று சாரதிகள் கணக்குப் போடுவார்கள்.

இனி வீட்டில் கலப்பதைப் பற்றி. காபரேற்றர் (காற்றோடு பெற்றோலைக் கலக்கும் பகுதி) உள்ள பைக்கில், எரிபொருள் வரும் சிறு துளையான ஜெட் பெற்றோலுக்கென அளந்து துளைத்தது. எதனோல் கூடினால் எரிபொருள் போதாமல் கலவை வறண்டுவிடும், எஞ்சின் சூடேறும், பிக்கப் தடுமாறும். ஒட்சிசன் சென்சர் உள்ள இன்ஜெக்ஷன் எஞ்சின்கூட ஓரளவுக்குத்தான் ஈடுகட்டும். பழைய ரப்பர் சீல்கள் ஊதி, வெடிப்பு விழும். இதைவிட மோசமானது தண்ணீர். சாதாரணமாக எவ்வளவு வடித்தாலும் மதுசாரத்தில் நாலைந்து வீதம் தண்ணீர் எஞ்சும். போதாததற்குக் காற்றிலிருந்தும் ஈரத்தை இழுக்கும். சுற்றிவரக் கடல் உள்ள ஊர் இது. வெளிநாட்டிலிருந்து வருடத்துக்கு ஒருமுறை வருபவர்களின் பைக்குகள் மாதக்கணக்கில் நிற்கின்றன. தண்ணீரும் எதனோலும் சேர்ந்து பெற்றோலிலிருந்து பிரிந்து டாங்கியின் அடியில் தங்கினால், உள்ளே துரு பிடிக்கத் தொடங்கும். கடைசியாக ஒன்று: எதனோல் எரியும் சுவாலை பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. முற்றத்தில் போத்தலும் புனலுமாக நின்று கலப்பவர்கள் இதை அறிந்திருக்க வேண்டும்.

ஏற்கெனவே கலந்திருந்தால் ஸ்டார்ட் பண்ணாதீர்கள். டாங்கியையும் காபரேற்றர் கிண்ணத்தையும் முழுதாக வடித்து, புதுப் பெற்றோல் விடுங்கள். கலந்து ஓடியும் விட்டீர்களென்றால் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். நுனி வெள்ளையாக வெந்திருந்தால் மேலும் ஓடாமல், உருட்டிக்கொண்டாவது கராச்சுக்குக் கொண்டுபோங்கள்.